வாசலில் ஒட்டியிருந்த சீட்டு: லிங்கன் நகரம், ஜனவரி 1958

1958 ஜனவரி 21 முதல் 29 வரை, ஒன்பது நாளில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் 10 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஏழு வாரம் முன்னால் நடந்த ஒரு கொலையையும் சேர்த்தால் 11. கொன்றவனுக்கு வயது 19. கூடவே போன சிறுமிக்கு 14. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கார், துப்பாக்கி, துரத்தல் என்று போய்விடுவார்கள். அதில் நாம் கற்றுக்கொள்ள அதிகமில்லை. கற்க வேண்டியது நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் அந்தச் சிறுமியின் வீட்டு வாசலில் நடந்த ஆறு நாள் கதை. ஆகவே இந்தக் குறிப்பில் அங்கேதான் நிறைய நேரம் நிற்கப்போகிறேன்.

பெயர்கள் வேண்டாம். ஊர், தேதி, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் பொதுப் பதிவில் இருப்பவை. இருவரும் சொன்னது முரண்படும் இடங்களில் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பின்னணி: அவன்

ஏழு பிள்ளைகளில் மூன்றாமவன். பிறவியிலேயே கால்கள் லேசாக வளைந்திருந்தன. பேச்சும் தெளிவாக வராது. பள்ளியில் இரண்டுக்கும் சேர்த்துக் கேலி. கண் பார்வை மிக மோசம் என்பதே பதின்ம வயதில்தான் தெரிய வந்தது. அதுவரை கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருந்த பையனை ஆசிரியர்கள் மந்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். உடற்பயிற்சி வகுப்பு ஒன்றில்தான் அவனுக்கு மரியாதை கிடைத்தது. உடம்பில் பலம் ஏறியதும், கேலி செய்தவர்களை அடிக்க ஆரம்பித்தான்.

நடிகர் ஜேம்ஸ் டீன் 1955 செப்டம்பரில், 24 வயதில், கார் விபத்தில் செத்துப்போனார். இவன் அவரைப் போலவே முடியைச் சீவினான், சிகரெட்டை உதட்டில் தொங்கவிட்டான். தோல் ஜாக்கெட், கௌபாய் பூட்ஸ், இடுங்கிய பார்வை. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று அன்று யாரும் நினைக்கவில்லை, நினைக்கக் காரணமும் இல்லை. கௌபாய் வாழ்க்கையைப் பொதுக் காட்சியாக்கிய பஃபலோ பில் தன் முதல் ஆட்டத்தை நடத்தியதே இதே மாநிலத்தில், ஒமாஹாவில், 1883இல். 1957-58இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலிடம் பிடித்ததும் ஒரு கௌபாய்த் தொடர்தான். பூட்ஸ் போட்ட பையனை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இந்த வேஷத்தைப் பற்றிப் பிற்பாடு பக்கம் பக்கமாக எழுதினார்கள். என் கணக்கில் வேஷம் ஆபத்தின் அடையாளமே இல்லை. அடையாளம் வேறொன்று, அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

பின்னணி: அவள்

1956இல் அவனுடைய நண்பன் ஒருவன் சிறுமியின் அக்காவோடு பழகிக்கொண்டிருந்தான். அந்த வழியில்தான் அறிமுகம். அவளுக்கு 13, அவனுக்கு 17. சிறுமியின் அம்மா மறுமணம் செய்துகொண்டவர். வீட்டில் மாற்றாந்தகப்பன், இரண்டு வயதுத் தங்கை. சிறுமிக்கு மட்டும் சொந்த அப்பாவின் குடும்பப் பெயர், தங்கைக்கு மாற்றாந்தகப்பனின் பெயர். இந்தப் பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும். மறந்துவிடாதீர்கள்.

கேலி செய்யாத ஒரு ஆள், தன்னை அண்ணாந்து பார்க்கும் ஒரு ஆள் என்று அவனுக்கு வாழ்க்கையில் கிடைத்தது அவள் ஒருத்திதான். படிப்பை விட்டான். அவள் படித்த பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த பத்திரிகைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான், தினமும் அவளைப் பார்க்கலாம் என்று. அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவள் ஒருநாள் அந்தக் காரை இடித்துவிட்டாள். நஷ்டத்தைக் கட்டியது அவனுடைய அப்பா. அதில் வாய்ச்சண்டை முற்றி, அப்பா அவனை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினார். கிடங்கு வேலையும் போய், குப்பை வண்டியில் ஏறினான். அப்புறம் வாடகை அறை, பாக்கி. கையில் காசும் இல்லை, சொல்லிக்கொள்ள வீடும் இல்லை.

இந்தக் காலத்தில்தான் அவன் அக்கம்பக்கத்தில் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தான். தனக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆகப்போகிறது, அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று. இரண்டும் உண்மை இல்லை. சிறுமியின் பெற்றோர் காதுக்கு எட்டியபோது கொதித்துப்போனார்கள்.

நான் பொறுத்துச் சொல்கிறேன் என்றது இதைத்தான். ஒருவன் சினிமா நடிகனைப் போலத் தலை சீவுவது பாவனை. இன்னொருத்தியின் வயிற்றில் குழந்தை இருப்பதாக அவளுக்கே தெரியாமல் ஊரில் சொல்லிக்கொண்டு திரிவது பாவனை இல்லை. அவன் தலைக்குள் ஓடும் கதையில் அவளுக்கு ஒரு பாத்திரம் எழுதி முடித்தாகிவிட்டது. பெற்றோர் அதை அவதூறாகப் பார்த்தார்கள். மானப் பிரச்சினையாகக் கையாண்டார்கள். அவனை வராதே என்றார்கள். அந்தக் காலத்தில் எந்தப் பெற்றோரும் அதைத்தான் செய்திருப்பார்கள். வேறு யாரிடம் போய்ச் சொல்வது என்பதற்கும் இடம் இருக்கவில்லை.

முதல் கொலை, தவறிய திசை

1957 நவம்பர் கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் பஞ்சு நாய் பொம்மை ஒன்றை அவளுக்காகக் கடனுக்குக் கேட்டான். பங்குப் பையன் தர முடியாது என்றான். டிசம்பர் 1 விடிவதற்குள் அந்தப் பையனை, 21 வயது, துப்பாக்கி முனையில் கூட்டிப்போய்ச் சுட்டுக் கொன்றான். கிடைத்தது சுமார் 100 டாலர்.

ஊரைக் கடந்துபோன யாரோ ஒரு நாடோடியின் வேலை என்று போலீஸ் எண்ணியது. அந்த யோசனையில் ஒரு வசதி உண்டு: குற்றவாளி நம்மூர்க்காரன் இல்லை, போயும் போய்விட்டான். அவனோ அதே ஊரில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தான். சிறுமியிடம், தான் கொள்ளையடித்தது உண்மை, கொன்றது வேறு ஆள் என்று சொன்னதாகப் பதிவு. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. பிற்பாடு இதுவும் அவளுக்கு எதிராகவே வந்து நின்றது.

ஜனவரி 19 முதல் 21 வரை

ஞாயிற்றுக்கிழமை, 19ஆம் தேதி, அவனோடு பழக்கம் முடிந்தது, இனி வராதே என்று சொல்லிவிட்டதாகச் சிறுமி சொல்கிறாள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இதை மாற்றாமல் சொல்லிவந்தவள் அவள். அரசுத் தரப்பு இதை நம்பவில்லை.

உறவு முறியும் நேரம்தான் இப்படிப்பட்ட உறவுகளில் மிக ஆபத்தான நேரம் என்பது இன்று குடும்ப வன்முறைத் துறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அப்போது ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? தைரியமாகச் சொன்னாள், பள்ளிக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை, 21ஆம் தேதி, அவன் .22 ரைஃபிளோடு அவள் வீட்டுக்கு வந்தான். அம்மாவோடும் மாற்றாந்தகப்பனோடும் சண்டை மூண்டது. இருவரையும் கொன்றான். இரண்டு வயதுக் குழந்தையையும் கொன்றான். உடல்களைக் கொல்லைப்புறக் கழிப்பறையிலும் கோழிக் கொட்டகையிலும் போட்டான்.

அப்போது சிறுமி எங்கே இருந்தாள்? பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தேன், அவன் துப்பாக்கியோடு நின்றான், குடும்பத்தை வேறோர் இடத்தில் அடைத்துவைத்திருப்பதாகவும் சொன்னபடி கேட்காவிட்டால் ஒரு போன் போதும், அவர்கள் சாவார்கள் என்றும் மிரட்டினான் என்பது அவள் சொல்வது. கொலை நடக்கும்போது அவள் வீட்டில்தான் இருந்தாள் என்பது அவன் கடைசியில் சொன்னது. கடைசியில் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிடிபட்ட புதிதில் அவளுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றவன் அவன். அப்புறம் கதையைப் பல தடவை மாற்றினான்.

ஆறு நாள், ஒரு கதவு

21 ராத்திரி தொடங்கி 27 காலை வரை இருவரும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். வாசல் கதவில் ஒரு சீட்டு. சிறுமியின் கையெழுத்து. கிட்டே வராதீர்கள், எல்லாருக்கும் ஃப்ளூ காய்ச்சல் என்று அதில் இருந்தது. ஃப்ளூ என்ற சொல்லில் எழுத்துப் பிழை. கீழே 'மிஸ்' போட்டு ஒரு குடும்பப் பெயர்.

இந்தச் சீட்டு ஏன் அத்தனை பேரை நிறுத்தியது என்று இன்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்க வேண்டும். 1957இல் ஆசிய ஃப்ளூ உலகம் முழுக்கப் பரவியது. 1958 தொடக்கத்தில் அமெரிக்காவில் அது மறுபடி தலைதூக்கியிருந்தது. வீடு வீடாக ஆட்கள் படுத்திருந்த குளிர்காலம். பொய் எடுபட வேண்டுமானால் ஊரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொன்னால் போதும்.

ஆனால் கீழே கையொப்பமாக இருந்த பெயர்? அது மாற்றாந்தகப்பனின் குடும்பப் பெயர். சிறுமியின் பெயர் அது இல்லை. அந்த வீட்டில் 'மிஸ்' போட்டு அந்தப் பெயரால் அழைக்கக்கூடிய ஒரே ஆள் இரண்டு வயதுக் குழந்தை. யாராவது யோசிப்பார்கள் என்றுதான் அப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று சிறுமி பிற்பாடு சொன்னாள். தந்திரமா, பதற்றமா, பின்யோசனையில் சேர்த்த விளக்கமா, யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தச் சீட்டைப் படித்த உறவினர்கள் எல்லோருக்கும் அவள் பெயர் தெரியும், குழந்தையின் வயதும் தெரியும்.

சனிக்கிழமை, 25ஆம் தேதி. அக்காவும் அவளுடைய கணவரும் வருகிறார்கள். சிறுமி உள்ளே விட மறுக்கிறாள். போய்விடுங்கள், இல்லையென்றால் அம்மாவுக்கு ஆபத்து என்ற பொருளில் பேசியதாகவும் சொல்கிறார்கள். இதை ஒரு நிமிஷம் நிறுத்திக் கேளுங்கள். காய்ச்சல் என்றால் ஆபத்து வருகிறவர்களுக்குத்தான். அவர்கள் வந்ததால் உள்ளே படுத்திருக்கும் அம்மாவுக்கு எப்படி ஆபத்து? அக்கா கணவருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், நேரே போலீசிடம் போனார். இந்த வழக்கில் சரியாக நடந்த ஒரு சில காரியங்களில் இது ஒன்று.

அன்று ராத்திரி இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். கதவைத் திறந்தது சிறுமி. எல்லாருக்கும் ஃப்ளூ என்றாள். அக்கா கணவர் ஏன் பயப்படுகிறார் என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது என்றாள். பேச்சில் தடுமாற்றம் இல்லை. போலீஸ்காரர்கள் போய்விட்டார்கள்.

அவர்கள் எடுத்த முடிவு எப்படிப்பட்டது? அவர்கள் கண் முன்னால் இருந்தது: அமைதியான ஒரு பெண், ஊரெல்லாம் இருக்கும் காய்ச்சல், உறவினர்களுக்குள் புகைச்சல். ரத்தம் இல்லை, கூச்சல் இல்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரு குடும்பத் தகராறு என்ற விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் பெரியவர்கள் யாரையாவது கூப்பிடு. நான்கு நாளாக அந்த வீட்டின் இரண்டு பெரியவர்களையும் யாருமே பார்க்கவில்லை. எல்லோரும் பேசியது ஒரு சிறுமியோடு மட்டும்.

திங்கட்கிழமை, 27. பாட்டி வந்தார். அவரையும் போகச் சொன்னாள். பாட்டி வீட்டுக்குப் போகவில்லை, போலீஸ் நிலையத்துக்குப் போனார். போலீஸ் மறுபடி வந்து உள்ளே புகுந்து பார்த்தபோது வீடு காலி. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் தேடி உடல்களைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? சிறுமியின் அக்கா கணவரும், கொன்றவனுடைய சொந்த அண்ணன் தம்பிகளில் ஒருவனும். போலீஸ் நின்ற இடத்திலிருந்து அந்தக் கொட்டகை சில அடி தூரம்தான்.

ஓட்டம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். லிங்கனுக்குத் தென்கிழக்கே பென்னட் என்ற சிற்றூர். அங்கே அவன் குடும்பத்துக்குப் பழக்கமான 70 வயது விவசாயி ஒருவரைக் கொன்றான். இவனும் சிறுமியும் வந்த கார் சேற்றில் மாட்டியது. உதவிக்கு நிறுத்தி வண்டியில் ஏற்றிக்கொண்ட 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பையனின் பர்ஸிலிருந்து பணத்தை எடுத்தவள் சிறுமி. அவன் சொல்லி எடுத்தேன், துப்பாக்கி அவன் கையில் என்றாள் அவள். சட்டப்படி வழக்கு கடைசியில் தொங்கியது இந்த ஒரு செயலில்தான்.

அப்புறம் லிங்கனுக்கே திரும்பினார்கள். ஒரு தொழிலதிபரின் வீட்டில் அவரும் மனைவியும் பணிப்பெண்ணும் இறந்தார்கள். ஆளுநர் தேசியக் காவல் படையை இறக்கினார். துப்பாக்கியோடு பள்ளி வாசலுக்கு வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள் அப்பாக்கள். இவர்கள் அதற்குள் தொழிலதிபரின் கறுப்பு பேக்கார்டு காரில் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை, 29. வயோமிங்கில் டக்ளஸ் ஊருக்குப் பக்கத்தில், சாலையோரம் பியூக் காரில் தூங்கிக்கொண்டிருந்த செருப்பு விற்பனைப் பிரதிநிதி ஒருவரைக் கொன்றான். கார் மாற்றுவதுதான் நோக்கம். ஆனால் அந்த வண்டியின் பார்க்கிங் பிரேக் அவனுக்குப் பழக்கமில்லாத மாதிரி. காலால் அழுத்தும் வகை. எப்படி விடுவிப்பது என்று தெரியவில்லை. இழுக்கிறான், உதைக்கிறான், வண்டி நகரவில்லை. வழியில் போன ஒருவர், பாவம் ஏதோ கோளாறு போல என்று நிறுத்தி இறங்கினார். அவர் முகத்துக்கு நேரே துப்பாக்கி. பிரேக்கை எடுத்துவிடு என்றான். குனிந்தவர் இருக்கையில் கிடந்த உடலைப் பார்த்துவிட்டார். துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் மல்லுக்கட்டினார். அந்த நேரம் பார்த்து அந்த வழியாக வந்தது ஒரு துணை ஷெரிஃபின் வண்டி.

சிறுமி ஓடினாள். அந்த வண்டியை நோக்கி. இவன் கொலைகாரன் என்று கத்திக்கொண்டே.

அவன் பேக்கார்டில் பறந்தான், மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். போலீஸ் சுட்ட குண்டு பின் கண்ணாடியை உடைத்தது. சில்லு காதில் கீறியது. ரத்தத்தைப் பார்த்ததும் குண்டு பட்டுவிட்டது, சாகப்போகிறேன் என்று நினைத்து வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டான். குண்டுக்குக் குண்டு நின்று சாகும் நாயகனாகத் தன்னை நினைத்துக்கொண்டவன் கண்ணாடிக் கீறலுக்கு நின்றது பிடித்த அதிகாரிகளுக்கே எரிச்சலாக இருந்தது.

விசாரணை

அவனுடைய வழக்கறிஞர்கள் புத்தி சுவாதீனம் இல்லை என்று வாதாடினார்கள். அவன் அதை விரும்பவில்லை. அரசுத் தரப்பு மருத்துவர்கள் அவனுக்கு ஆளுமைக் கோளாறு உண்டு, சட்டத்தின் கண்ணில் பைத்தியம் இல்லை என்றார்கள். மரணம் தன் ஜன்னலுக்கு வந்து நிற்பதாக, பாதி மனிதனும் பாதி கரடியுமான உருவில் வருவதாக அவன் சொன்ன கதைகள் பதிவாகியிருக்கின்றன. செத்தவர்கள் எல்லோரும் ஒரே மட்டம் என்பது அவனுடைய தத்துவம். இவற்றில் எது நோய், எது பாவனை, எது சிறையில் இருந்தபடி பத்திரிகைகளுக்காகச் செய்த ஜோடனை என்று பிரிக்க என்னால் முடியவில்லை. ஜூரி 1958 மே மாதம் மரண தண்டனை சொன்னது. 1959 ஜூன் 25 அன்று மின்சார நாற்காலியில் தண்டனை நிறைவேறியது.

சிறுமிக்கு நடந்ததுதான் நமக்கு முக்கியம். அவளுக்கு வழக்கறிஞர் நியமிக்கப்படும் முன்பே அதிகாரிகள் நீண்ட வாக்குமூலம் வாங்கிவிட்டார்கள். 14 வயது. குடும்பம் இல்லை. பக்கத்தில் அவளுக்கென்று பேச ஒரு பெரியவர் இல்லை. அமெரிக்காவில் சிறார் வழக்குகளில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1967இல்தான். காவலில் உள்ளவரிடம் பேசாமல் இருக்கும் உரிமையைச் சொல்லிவிட்டே விசாரிக்க வேண்டும் என்ற தீர்ப்பும் 1966இல்தான் வந்தது. இவள் இரண்டுக்கும் முந்தியவள்.

அவளுடைய வழக்கு 1958 இலையுதிர் காலத்தில் நடந்தது. முக்கியச் சாட்சி அவன். மரண தண்டனை வாங்கிய ஒருவன், கதையைப் பல தடவை மாற்றிய ஒருவன், கூண்டில் ஏறி அவளும் விரும்பித்தான் வந்தாள் என்றான். அரசுத் தரப்பின் கேள்வி எளிமையானது: அவன் இல்லாத நேரங்கள் இருந்தனவே, கையில் துப்பாக்கி இருந்த நேரமும் உண்டே, ஏன் ஓடவில்லை? ஜூரிக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. நவம்பர் 21 அன்று கொள்ளையின்போது நடந்த கொலைக்குத் துணைபோனவள் என்று ஆயுள் தண்டனை.

ஏன் எதுவும் செய்யவில்லை என்று போலீசிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. போலீஸ் நடந்துகொண்ட விதம் பற்றி ஊரில் கோபம் இருந்தது. வெளியிலிருந்து ஒரு முன்னாள் எஃப்பிஐ அதிகாரியை அழைத்து ஆராயச் சொன்னார்கள். அவருடைய அறிக்கை பெரும்பாலும் போலீஸ் பக்கமே நின்றது.

பிறகு

சிறையில் அவளைப் பற்றிப் புகார் இல்லை. 1973இல் ஆயுள் தண்டனை குறைக்கப்பட்டது. 1976இல் பரோலில் வெளியே வந்தாள். பிடிபட்டபோது 14, வெளியே வந்தபோது 32. வேறு மாநிலத்துக்குப் போய் அமைதியாக வாழ்ந்தாள். மன்னிப்பு வாரியத்திடம் பின்னாளில் மனுப் போட்டாள். கொல்லப்பட்ட தொழிலதிபர் தம்பதியின் பேத்தியே அதற்கு ஆதரவாக நின்றார். 2020 பிப்ரவரியில் மனு நிராகரிக்கப்பட்டது.

அவள் நிரபராதியா? தெரியாது என்பதுதான் என் பதில், அதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆபத்து நெருங்கும்போது சிறுவர்கள் எதிர்த்து நிற்பதும் உண்டு, ஓடுவதும் உண்டு. எதுவும் செய்யாமல் சொன்னதைச் செய்துகொண்டு போவதும் உண்டு. கடைசி வகை பார்ப்பவர் கண்ணுக்கு ஒத்துழைப்பு மாதிரியே இருக்கும். உண்மையிலேயே ஒத்துழைப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க உதவியிருக்கக்கூடிய ஆரம்ப விசாரணை, பயிற்சி பெற்ற ஒருவர் முதல் சில மணி நேரத்தில் அவளோடு உட்கார்ந்து பேசுவது, நடக்கவே இல்லை. அந்த மணி நேரங்கள் போனபின் எஞ்சியது அவன் வார்த்தையும் அவள் வார்த்தையும் மட்டும்.

இன்று எதை வேறு மாதிரி செய்வோம்

பள்ளி. 13 வயதுப் பெண்ணைப் பார்ப்பதற்காகவே பள்ளிக்குப் பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து தினமும் வாசலில் நிற்கும் ஒருவனை இன்று பள்ளி கவனித்தே ஆக வேண்டும். 22ஆம் தேதியிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. மாணவி வரவில்லை என்றால் பெற்றோரின் குரலைக் கேட்கும்வரை அழைப்பது இன்று பல இடங்களில் வழக்கம். காய்ச்சல் காலத்திலும் அதைத் தளர்த்தக் கூடாது. தளர்த்தத் தோன்றுவது அப்போதுதான்.

பெற்றோர். தடை போட்டது தவறில்லை. தடை போட்டபின் என்ன நடக்கும் என்று யோசிக்க உதவ ஆள் இல்லாததுதான் குறை. ஒரு உறவை முறிக்கச் சொல்லும்போதே, அடுத்த இரண்டு வாரம் பிள்ளை யாரோடு போவாள், யாரோடு வருவாள், அவன் வந்தால் கதவை யார் திறப்பது என்றும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பக் கதை மாதிரி ஒன்று காதில் விழுந்தால் அது வெறும் வம்பு என்று விட்டுவிடக் கூடாது. சொன்னவனிடம் ஆயுதம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அவனிடம் வேட்டைத் துப்பாக்கி உண்டென்பது அவனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போலீஸ். நலம் விசாரிக்கப் போனால் யாருடைய நலத்தை விசாரிக்கப் போனோமோ அவரை நேரில் பார்க்காமல் திரும்புவதில்லை என்பது இன்று அடிப்படைப் பாடம். கதவைத் திறந்த ஆள் சிறுவயதாக இருந்தால் அவரைத் தனியாக, வாசலை விட்டுத் தள்ளி நிறுத்திப் பேச வேண்டும்.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. அவள் சொன்னது உண்மை என்று வைத்துக்கொண்டால், சனிக்கிழமை ராத்திரி அவள் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளே அவன் துப்பாக்கியோடு நின்றிருந்தான். அம்மாவைக் கூப்பிடு என்று ஒரு போலீஸ்காரர் கேட்டிருந்தால் வாசலிலேயே சுட்டிருக்கலாம். பாடமெடுக்கும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லி, அப்படியானால் அவர்கள் திரும்பிப் போனதே நல்லது இல்லையா என்று கேட்பார்கள். அந்த ராத்திரி வீட்டில் இருந்த பெரியவர்கள் இருவரும் குழந்தையும் இறந்து நாலு நாள் ஆகியிருந்தது. காப்பாற்ற மிச்சம் இருந்தது கதவைத் திறந்து பேசியவளும், வெவ்வேறு ஊர்களில் இருந்த இன்னும் ஏழு பேரும்.